தேதி குறிக்காத பந்தயம்

ஒலிம்பிக் ஓட்டக்காரருக்குப் பந்தயம் எந்த நாள், எத்தனை மணிக்கு என்பது வெகு முன்னதாகவே தெரியும். அவருடைய பயிற்சியாளர் அந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணித் திட்டம் போடுகிறார். பல மாதம் உடம்பைக் கசக்கிப் பிழிவார். கடைசி இரண்டு மூன்று வாரம் சுமையைக் குறைத்து, சேர்ந்திருக்கும் களைப்பை வடிய விடுவார். பந்தய நாளில் வலு எஞ்சியிருக்கும், களைப்பு போயிருக்கும். பயிற்சி அறிவியலின் பெரும் பகுதி இந்தக் கணக்கைச் சுற்றியே வளர்ந்தது.

தீயணைப்பு வீரருக்கு அந்தத் தேதி கிடையாது. அமெரிக்க நகரங்களில் பெரும்பாலும் 24 மணி நேர ஷிப்ட். காலையில் வருகிறவர் மறுநாள் காலைதான் வீட்டுக்குப் போவார். இடையில் மணி பத்து தடவை அடிக்கலாம், ஒரு தடவைகூட அடிக்காமலும் போகலாம். அடித்தால் ஒன்றிரண்டு நிமிடத்தில் வண்டி வாசலைத் தாண்டியிருக்க வேண்டும். மூச்சுத் திணறும் முதியவர், சாலை விபத்து, காரணமில்லாமல் அலறிய புகை எச்சரிப்பான் என்று போய்ப் பார்த்துத் திரும்புவதுதான் அன்றாட வேலை. அமெரிக்கத் தீயணைப்புத் துறைகளுக்கு வரும் அழைப்புகளில் நிஜமான தீ நூற்றுக்கு நான்கைந்துதான். அந்த நான்கைந்து எந்த நாளில் வரும் என்பதை யாராலும் சொல்ல முடியாது. தேர்வு என்றைக்கு என்று சொல்லாத வாத்தியாரிடம் மாட்டிக்கொண்ட மாணவனின் நிலை இது.

இதில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. உடற்பயிற்சி என்பதே உடம்பை வேண்டுமென்று களைக்க வைப்பது. அந்தக் களைப்பிலிருந்து மீளும்போதுதான் தசையும் இதயமும் வலுப்பெறுகின்றன. ஆனால் ஷிப்டில் இருப்பவர் எந்த நிமிடமும் களைத்திருக்கக் கூடாது. காலை பத்து மணிக்குப் பளு தூக்கிக் கால் நடுங்க நிற்பவருக்கு, பத்தேகாலுக்கு மணி அடித்தால் என்ன ஆகும்? நிலையத்துக்குள் டிரெட்மில்லும் பளுக் கட்டைகளும் வாங்கி வைத்த ஊர்களில் எல்லாம் இந்தக் கேள்வி எழுந்தது. விடை தேடுவதற்கு முன், மணி அடித்த பிறகு உடம்புக்குள் நடப்பதைப் பார்க்க வேண்டும்.

*

1970களில் பர்னார்ட், டங்கன் என்ற இரு ஆய்வாளர்கள் லாஸ் ஏஞ்சல்ஸ் வீரர்களின் மார்பில் இதயத் துடிப்பைப் பதியும் கருவியைப் பொருத்தி, வழக்கம்போல வேலை பார்க்கச் சொன்னார்கள். 1975இல் முடிவு வெளியானது. மணி அடித்த 15 முதல் 30 விநாடிக்குள் துடிப்பு, நிமிடத்துக்குச் சராசரியாக 47 கூடியிருந்தது. ஒருவருக்கு 12தான் கூடியது, இன்னொருவருக்கு 117. நெருப்பையோ புகையையோ அவர்கள் இன்னும் பார்க்கவே இல்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்ததற்கே இந்தப் பாய்ச்சல். அட்ரினலின் செய்யும் வேலை இது. தூங்கிக்கொண்டிருப்பவரை நள்ளிரவில் உச்சக் குரலில் எழுப்புவது எதற்கு என்று யோசித்து, மெதுவாகத் தொடங்கி ஏறிக்கொண்டே போகும் ஒலிக்குப் பிற்காலத்தில் சில நிலையங்கள் மாறின. செலவு குறைந்த, அறிவுள்ள மாற்றம்.

வண்டியிலிருந்து இறங்கிய பிறகுதான் உண்மையான சுமை. கனத்த மேலங்கி, கால்சட்டை, பூட்ஸ், ஹெல்மெட், கையுறை, முதுகில் காற்று சிலிண்டர், முகத்தில் மூச்சுக் கவசம் எல்லாம் சேர்ந்து 20 கிலோவைத் தாண்டும். தண்ணீர் நிறைந்த குழாய், கோடாரி, ஏணி ஆகியவற்றின் எடை தனி. அந்த உடை வெளி வெப்பத்தை உள்ளே விடாது. அதே காரணத்தால் உள்ளே உண்டாகும் வெப்பத்தை வெளியேயும் விடாது. தசை வேலை செய்தால் வெப்பம் பிறக்கும், உடம்பு வியர்க்கும். ஆனால் வியர்வை வழிவதால் உடம்பு குளிர்வதில்லை, ஆவியாவதால்தான் குளிர்கிறது. உடைக்குள் ஆவியாக இடமில்லை. ஆகவே நீர் போனதுதான் மிச்சம்.

இப்போது இதயத்திடம் இரண்டு கோரிக்கைகள் ஒரே நேரத்தில் வருகின்றன. வேலை செய்யும் தசைக்கு இரத்தம் வேண்டும். வெப்பத்தை வெளியேற்ற முயலும் தோலுக்கும் வேண்டும். வியர்த்ததால் மொத்த இரத்த அளவோ குறைந்துகொண்டே போகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் இரத்தம் குறைய, இதயம் எண்ணிக்கையைக் கூட்டி ஈடுகட்டுகிறது. அதற்கும் ஒரு வரம்பு உண்டு. நியூயார்க் மாநிலத்தில் ஸ்கிட்மோர் கல்லூரியின் டெனிஸ் ஸ்மித்தும், இல்லினாய் தீயணைப்புப் பயிற்சி நிறுவனத்தைச் சேர்ந்த கேவின் ஹார்னும் பயிற்சிக் கட்டடத்தில் நிஜத் தீ மூட்டி வீரர்களை வேலை செய்ய வைத்து, முன்னும் பின்னும் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். வெறும் 18 நிமிட வேலைக்குப் பிறகு, இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் முறுக்கேறியிருந்தன. இரத்தம் உறையும் போக்கு கூடியிருந்தது. அடிபட்டால் இரத்தம் கொட்டி இறந்துவிடாமல் இருக்க, ஆபத்து நேரத்தில் உடம்பு செய்துகொள்ளும் பழைய ஏற்பாடு இது. காட்டில் விலங்கு துரத்தியபோது உதவியிருக்கும். இதயக் குழாயில் ஏற்கெனவே கொழுப்பு படிந்திருக்கும் 48 வயதுக்காரரிடம் இதே ஏற்பாடு எதிரியாகிறது.

எந்த அளவுக்கு எதிரி என்பதை 2007இல் ஹார்வர்டைச் சேர்ந்த ஸ்டெஃபானோஸ் கேல்ஸ் குழு, நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் எண்ணிக்கையாக எழுதியது. 1994 முதல் 2004 வரை அமெரிக்காவில் பணியிலிருந்தபோது இறந்த தீயணைப்பு வீரர்களை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் இறந்தவர்களை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை. மொத்தம் 1,144 மரணங்கள். அவற்றில் 449 இதயக் குழாய் நோயால். பணியில் இறந்தவர்களில் நூற்றுக்கு 39 பேரைக் கொன்றது இதயம். தீயை அணைக்கும் வேலைக்கு ஒரு வீரர் ஆண்டில் செலவிடும் நேரம் நூற்றில் 1 முதல் 5 பங்குதான். இதய மரணங்களில் 32 சதவீதம் அந்தச் சிறு நேரத்துக்குள் நடந்திருந்தன. நிலையத்தில் சாதாரண வேலை பார்க்கும் நேரத்தோடு ஒப்பிட்டால், தீயணைக்கும் நேரத்தில் இதய மரண ஆபத்து 10 முதல் 100 மடங்கு.

அதே கட்டுரையில் இன்னொரு எண்ணும் இருந்தது. இதய மரணங்களில் 12.5 சதவீதம் உடற்பயிற்சியின்போது நடந்தவை. ஷிப்டில் பயிற்சி வேண்டாம் என்பவர்கள் இந்த எண்ணைத் தூக்கிக் காட்டினார்கள். அதை அவர்கள் அவசரமாகப் படித்துவிட்டார்கள் என்பது என் எண்ணம். இறந்தவர்களின் பிரேதப் பரிசோதனை அறிக்கைகளை ஸ்மித்தும் கேல்ஸும் பிறகு திரட்டிப் பார்த்தபோது, இதய மரணம் அடைந்தவர்களில் சுமார் 80 சதவீதத்தினருக்குக் குழாய் அடைப்பும் வீங்கிய இதயமும் சேர்ந்தே இருந்தன. பழுது முன்பே இருந்திருக்கிறது. எங்கே எப்போது வெளிப்படும் என்பதை மட்டும் அன்றைய உழைப்பு முடிவு செய்திருக்கிறது.

*

அப்படியானால் ஒரு வீரருக்கு எவ்வளவு தெம்பு வேண்டும்? உடலின் உச்ச உழைப்புத் திறனை அளக்க, ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நிமிடத்தில் எத்தனை மில்லிலிட்டர் ஆக்சிஜனைப் பயன்படுத்த முடிகிறது என்று பார்க்கிறார்கள். சும்மா உட்கார்ந்திருக்க சுமார் 3.5 போதும். டொராண்டோவின் யார்க் பல்கலைக்கழகத்தில் கிளெட்ஹில், ஜாம்னிக் இருவரும் 1992இல், மிகக் கடினமான தீயணைப்பு வேலைகளுக்குச் சராசரியாக 41.5 தேவைப்படுகிறது என்று கண்டார்கள். அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்பு சங்கம் தன் மருத்துவத் தரநிலையில், ஓய்வு நிலையைப் போல 12 மடங்கு, அதாவது 42 என்ற எண்ணைப் பிடித்தது. பின்னாளில் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகக் குழு பரிந்துரைத்தது 42.3. மூன்று நாடுகள், மூன்று காலங்கள், வேறுவேறு சோதனைகள். விடைகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. உடலியலில் இது அடிக்கடி கிடைக்கும் ஒற்றுமை இல்லை.

ஆனால் 42 என்பது அரைக்கால் சட்டையும் கேன்வாஸ் ஷூவும் போட்டுக்கொண்டு டிரெட்மில்லில் எடுத்த மதிப்பெண். முழு உடையையும் மூச்சுக் கருவியையும் மாட்டிவிட்டு அளந்தால் உச்சத் திறன் சுமார் 17 சதவீதம் சரிகிறது என்று கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் கண்டார்கள். மூச்சை இழுத்து வெளியே தள்ளுவதற்கே உழைக்க வேண்டியிருப்பது முக்கியக் காரணம். 42 என்று எழுதி வாங்கியவர் வேலையிடத்தில் 35 ஆகிவிடுகிறார். முழு உடையோடு நிமிடத்துக்கு 60 படி வீதம் மாடி ஏறுவதற்கு 39 செலவாகிறது, இதயம் தன் உச்சத் துடிப்பின் 95 சதவீதத்தைத் தொடுகிறது என்று 1986இலேயே ஓ'கானல் குழு அளந்துவிட்டது. இது வெறும் ஏறும் செலவு. தீ எரியும் மாடிக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் வேலை தொடங்கும்.

வேலைக்குச் சேரும்போது இதையெல்லாம் சோதிக்கத்தான் செய்கிறார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் பல நகரங்கள் வைக்கும் நுழைவுத் தேர்வில், ஏறக்குறைய 23 கிலோ எடையுள்ள சட்டையை மாட்டிக்கொண்டு எட்டு வேலைகளை 10 நிமிடம் 20 விநாடிக்குள் முடிக்க வேண்டும். முதல் வேலையான படியேற்றத்துக்கு மட்டும் தோளில் இன்னும் 11 கிலோ ஏறும். குழாய் இழுப்பது, ஏணி தூக்குவது, கதவை உடைப்பதற்கு இணையாகச் சம்மட்டி அடிப்பது, கிட்டத்தட்ட 75 கிலோ பொம்மையை இழுத்து வருவது எல்லாம் அதில் உண்டு. 23 வயதில் இதில் தேறியவரிடம் 43 வயதில் மறுபடி கேட்கிறார்களா என்றால், பல ஊர்களில் இல்லை. உடற்பயிற்சி இல்லாதவருக்கு ஆக்சிஜன் திறன் பத்தாண்டுக்குச் சுமார் 10 சதவீதம் தேயும். 48இல் தொடங்கியவர், இருபது ஆண்டில் 40க்குக் கீழே இறங்கிவிடுவார். மணிச் சத்தம் மட்டும் அதேபோலத்தான் இருக்கும்.

*

இனி அந்தப் பத்தேகால் மணிக் கேள்விக்கு வரலாம். 2012இல் கென்டக்கி பல்கலைக்கழகத்தில் மார்க் ஏபலும் சக ஆய்வாளர்களும் அதை நேராகவே சோதித்தார்கள். ஒழுங்காகப் பயிற்சி செய்யும் 12 வீரர்கள், செய்யாத 37 வீரர்கள். எல்லோருக்கும் முழு உடையோடு தீக்களத்து வேலைகளை வரிசையாகச் செய்யும் சோதனை வைத்து நேரம் குறித்தார்கள். பிறகு பயிற்சியுள்ள 12 பேரை மட்டும் இன்னொரு நாள் அழைத்து, முதலில் நிலையத்தில் செய்வதுபோல உடற்பயிற்சி செய்யவைத்து, அந்தக் களைப்போடு அதே சோதனையைச் செய்யச் சொன்னார்கள்.

அவர்கள் மெதுவாகிவிட்டார்கள். சுமார் 9.6 சதவீதம். ஐந்து நிமிட வேலை என்றால் அரை நிமிடத் தாமதம். நவீன வீட்டுச் சாமான்கள் நிறைந்த அறையில் தீ பரவும் வேகத்தைப் பார்த்தவர்கள் அரை நிமிடத்தை அலட்சியம் செய்ய மாட்டார்கள். ஆக, ஷிப்டில் பயிற்சி செய்தால் வேலை பாதிக்கும் என்ற சந்தேகம் பொய்யில்லை.

ஆனால் களைத்துப்போன அந்த 12 பேரின் நேரத்தை, ஓய்வாக வந்து சோதனை செய்த 37 பேரின் நேரத்தோடு வைத்துப் பார்த்தார்கள். களைப்போடும்கூட அவர்கள், பயிற்சியில்லாதவர்களில் சுமார் 70 சதவீதத்தினரை விட வேகமாக இருந்தார்கள். 12 பேர் என்பது சின்னக் கூட்டம். பயிற்சி செய்தவர்கள் முன்பே மெலிந்தவர்களாகவும் ஆக்சிஜன் திறன் கூடியவர்களாகவும் இருந்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. அதை ஒரு குறையாகவும் சொல்லலாம், விடையாகவும் சொல்லலாம். மாதக் கணக்கில் பயிற்சி செய்தவர் எப்படி இருப்பார் என்பதுதானே கேள்வி. ஷிப்டில் பயிற்சி வேண்டாம் என்பவர்கள் தங்கள் வாதத்தில், களைத்த வீரரையும் களைக்காத அதே வீரரையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மணி அடிக்கும்போது அந்த இடத்தில் உண்மையில் நிற்கக்கூடியவர், ஓய்வாக இருக்கும் பயிற்சியில்லாதவர்.

இருந்தாலும் அந்த 9.6ஐச் சிறிதாக்க முடியுமா என்பது பயிற்சியாளரின் கவலை. இங்கேதான் விளையாட்டு மைதானத்துப் பழக்கங்களைக் கழற்றி வைக்க வேண்டியிருக்கிறது. உடற்கட்டுப் போட்டிக்குத் தயாராகிறவர் இனி ஒரு தடவைகூடத் தூக்க முடியாது என்னும்வரை தூக்குவார். ஷிப்டில் அது ஆகாது. இன்னும் இரண்டு மூன்று தடவை முடியும் என்ற நிலையிலேயே நிறுத்திவிட வேண்டும். வலு வளர்வதில் இதனால் பெரிய இழப்பில்லை. களைப்பு மட்டும் நிறையக் குறைகிறது. பயிற்சி நேரத்தை, காலையில் வண்டியையும் சிலிண்டர்களையும் சரிபார்த்து முடித்த கையோடு வைப்பது நல்லது. இரவு அழைப்புகளுக்கு முன் உடம்பு தேறிக்கொள்ள நேரம் கிடைக்கும், இழந்த நீரையும் குடித்து நிரப்பிவிடலாம். உடலில் நீர் குறைந்த நிலையில் அந்தக் கனத்த உடைக்குள் போகிறவர், மேலே சொன்ன இதயக் கணக்கைப் பற்றாக்குறையோடு தொடங்குகிறார்.

வரிசையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. சாதாரணப் பயிற்சி அட்டவணை முடியும் என்று நம்பி எழுதப்படுவது. நிலையத்து அட்டவணையோ பாதியில் அறுபடும் என்று எதிர்பார்த்து எழுதப்பட வேண்டியது. வாக்கி டாக்கி ஓடிக்கொண்டிருக்கும், உடையும் பூட்ஸும் வண்டியருகே தயாராக இருக்கும். பன்னிரண்டாவது நிமிடத்தில் மணி அடித்தால், அதுவரை செய்ததே அன்றைய பயிற்சி. அதனால் முக்கியமானதை முதலில் வைத்து, பஸ்கி, தண்டால், பளுவைக் கையில் பிடித்தபடி நடப்பது என்று உடம்பு முழுவதையும் தொடும் சின்னச் சுற்றுகளாகப் பிரித்துக்கொள்கிறார்கள். ஒரு சுற்று முடிந்தாலே ஒரு பயன் கையில் வந்துவிடும்.

தசை வலியின் கடிகாரம் இன்னும் சுவாரசியமானது. பழக்கமில்லாத கடினப் பயிற்சி செய்தால் வலி அன்றே உச்சத்துக்கு வருவதில்லை. ஒன்று முதல் மூன்று நாள் கழித்துத்தான் வரும். பல அமெரிக்கத் துறைகளில் ஒரு நாள் பணி, இரண்டு நாள் விடுப்பு என்ற சுழற்சி. ஷிப்டில் அளவாகச் செய்த பயிற்சியின் வலி வீட்டில்தான் வந்து சேரும். "ஷிப்டில் களைக்கக் கூடாது, விடுப்பில் வெளுத்து வாங்கிவிடுவோம்" என்று இரண்டாம் விடுப்பு நாளில் புதிதாக ஏதாவது முயன்றவரோ, படியிறங்க முடியாத தொடைகளோடு பணிக்கு வருவார். எது பாதுகாப்பானது என்று நமக்குத் தோன்றுகிறதோ, அதற்கு நேர்மாறாகக் கணக்கு விழுகிறது.

*

காயங்களையும் பேசியாக வேண்டும். அரிசோனா மாநிலத்தின் டூசான் நகரத் தீயணைப்புத் துறையில் 2004 முதல் 2009 வரை பதிவான காயங்களை அரிசோனா பல்கலைக்கழகத்தினர் வகைப்படுத்தினார்கள். தீக்களத்தில் ஏற்பட்டவை சுமார் 10 சதவீதம். உடற்பயிற்சியின்போது ஏற்பட்டவை 33 சதவீதம்! பெரும்பாலானவை சுளுக்கும் தசைப் பிடிப்பும்தான் என்றாலும், வீரர்களைப் பாதுகாக்க வந்த பயிற்சி அவர்களை நொண்ட வைக்கிறது என்று தலைப்புச் செய்தி எழுத இது போதும்.

அதே நகரம் இன்னும் இரண்டு எண்களைத் தந்திருக்கிறது. ஆக்சிஜன் திறன் 43க்குக் கீழே இருந்தவர்களுக்கு, 48க்கு மேல் இருந்தவர்களைப் போல 2.2 மடங்கு காய வாய்ப்பு. இது 2014 ஆய்வு. அதற்கு முன்பே, 2007இல் வெளியான ஆய்வில், 433 வீரர்களுக்கு வயிறு, இடுப்பு, முதுகுத் தசைகளை நிலைப்படுத்தும் பயிற்சியும், குனிந்து தூக்குவதில் சரியான அசைவுகளும் கற்றுக்கொடுத்தார்கள். முந்தைய காலத்தோடு ஒப்பிட்டால் ஓராண்டில் காயங்கள் 42 சதவீதமும், காயத்தால் வீணான வேலை நேரம் 62 சதவீதமும் குறைந்தன. வீரருக்கு இடுப்பு போவது பெரும்பாலும் எரியும் வீட்டில் இல்லை. மூன்றாம் மாடியிலிருந்து நோயாளியைக் குறுகலான படிக்கட்டில் ஸ்ட்ரெச்சரில் இறக்கும்போது. ஆக, 'என்ன' பயிற்சி என்பதைவிட 'எப்படி' என்பதற்கே நேரம் செலவிட வேண்டும். பயிற்சி நேரத்தைக் கூடைப்பந்தாட்டமாக மாற்றிக்கொள்வது அமெரிக்க நிலையங்களின் பழைய ஆசை. திடீரென நின்று திரும்பி எகிறிக் குதிக்கும் அந்த ஆட்டம் கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் ஆகாது. ஒற்றுமைக்கு நல்லது என்று சொல்வார்கள். கட்டுப்போட்ட காலோடு ஒருவர் உட்கார்ந்துவிட்டால் ஒற்றுமையாக வண்டியேற ஆள் குறையும்.

2019இல் உலகம் முழுவதும் செய்தியான ஆய்வு ஒன்று உண்டு. இந்தியானா மாநிலத்தின் 1,104 ஆண் வீரர்களைப் பத்தாண்டு தொடர்ந்து பார்த்ததில், தொடக்கத்தில் 40 தண்டாலுக்கு மேல் எடுத்தவர்களுக்கு, 10கூட எடுக்க முடியாதவர்களைவிட இதய நோய் 96 சதவீதம் குறைவாக வந்திருந்தது. தண்டால் எடுத்தால் மாரடைப்பு வராது என்று வாட்ஸ்அப்பில் சுற்றியது இதுதான். பத்தாண்டில் இதய நோய் வந்தவர்கள் மொத்தம் 37 பேர்தான். 40 எடுத்தவர்கள் பெரும்பாலும் இளையவர்கள், மெலிந்தவர்கள். தண்டால் அவர்களைக் காப்பாற்றியது என்று இதிலிருந்து முடிவு கட்ட முடியாது. ஆனால் டிரெட்மில்லும் ஆய்வுக்கூடமும் இல்லாத நிலையத்தில், ஒரு துண்டு தரையும் ஒரு நிமிடமும் இருந்தால் யாரை முதலில் மருத்துவரிடம் அனுப்பலாம் என்று தெரிந்துகொள்ளலாம். எனக்கு அதுவே அந்த ஆய்வின் பயனாகப் படுகிறது.

வேலை நேரத்தில் உடற்பயிற்சிக்குச் சம்பளம் கொடுப்பதா என்ற முணுமுணுப்பு அமெரிக்காவிலும் உண்டு. இருந்தும் 1997இல் தீயணைப்புத் தொழிலாளர் சங்கமும் தலைமை அதிகாரிகள் சங்கமும், எதிரெதிரே உட்கார்ந்து பழகியவை, ஒன்றாகச் சேர்ந்து நியூயார்க், சியாட்டில், கனடாவின் கல்கரி உள்ளிட்ட பத்து ஊர்களின் துறைகளோடு ஒரு உடல்நலத் திட்டத்தை வகுத்தன. ஷிப்டில் பயிற்சிக்கு நேரம் ஒதுக்க வேண்டும், ஆண்டுதோறும் மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும், சோதனையில் பின்தங்கியவரைத் தண்டிக்கக் கூடாது என்பவை அதன் அடிப்படைகள். மூன்றாவது விதி இல்லாவிட்டால் முதல் இரண்டும் ஓடாது. வேலை போகும் என்ற பயம் இருந்தால் நெஞ்சு வலியை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். வெளியாளை அனுப்பாமல், நிலையத்திலேயே ஒரு வீரருக்குப் பயிற்றுநர் சான்றிதழ் வாங்கிக்கொடுத்துச் சகாக்களை வழிநடத்த வைக்கும் ஏற்பாடும் இதையொட்டி வளர்ந்தது.

இத்தனையும் சம்பளத்துக்கு ஷிப்ட் பார்ப்பவர்களுக்கு. அமெரிக்கத் தீயணைப்பு வீரர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தன்னார்வலர்கள். கடையையோ வயலையோ அலுவலக நாற்காலியையோ விட்டு எழுந்து ஓடுகிறவர்கள். சிறு ஊர்களில் ஐம்பதைத் தாண்டியவர்களும் கணிசம். அவர்களுக்கு ஷிப்டே கிடையாது என்பதால் ஷிப்டில் பயிற்சியும் கிடையாது. நிலையத்துச் சாவியைக் கொடுத்து, பளுக் கட்டைகளை எப்போது வேண்டுமானாலும் வந்து பயன்படுத்துங்கள் என்று சொல்லும் ஊர்கள் இருக்கின்றன. அதற்கு முன் ஒரு ஈசிஜியும் இரத்த அழுத்தச் சோதனையும் கட்டாயம் என்று வைத்தால், முதல் நாள் டிரெட்மில்லில் ஏறும்போதே சரிந்து விழக்கூடிய சிலரை முன்கூட்டியே கண்டுபிடித்துவிடலாம். கேல்ஸின் அந்த 12.5 சதவீதத்தில் கை வைக்க இதைவிட மலிவான வழி தெரியவில்லை.